சிங்கப்பூர் வீட்டில் முதல் நீர்ச்செடித் தொட்டி

திருச்சியில் இருந்தவரை எங்கள் வீட்டில் மீன் தொட்டிக்குத் தண்ணீர் மாற்றுவது ஞாயிற்றுக்கிழமை வேலை. சனிக்கிழமை இரவே இரண்டு வாளியில் குழாய்த் தண்ணீர் பிடித்து, மூடாமல் பால்கனியில் வைத்துவிடுவோம். விடிவதற்குள் குளோரின் வாடை போயிருக்கும். அவ்வளவுதான், ஊற்றிவிடலாம். சிங்கப்பூருக்கு வந்து ஜூரோங் வெஸ்ட்டில் வாடகைக்கு வீடு பிடித்த முதல் வருடம் நானும் அதையே செய்தேன். ஆறு கப்பி மீன்கள் வாங்கினேன். மூன்றாம் நாள் காலையில் ஒன்றுகூட மிச்சமில்லை. விற்ற கடைக்காரரை மனதுக்குள் ஒரு வாரம் திட்டினேன். அவர்மேல் ஒரு தப்பும் இல்லை என்று தெரிந்தபோது கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது.

விஷயம் இதுதான். இங்கே பொதுப் பயனீட்டுக் கழகம் குழாய்த் தண்ணீரில் கிருமி சேராமல் இருக்கக் குளோரமின் சேர்க்கிறது. அது குளோரினும் அம்மோனியாவும் சேர்ந்த பொருள். வெறும் குளோரின் காற்றில் போய்விடும். குளோரமின் ஓர் இரவு வைத்தால் போகாது. நமக்குக் குடிக்கப் பாதுகாப்பான தண்ணீர்தான், ஆனால் செவுளால் மூச்சுவிடும் உயிருக்கு அது விஷம். ஆக, ஊரில் கற்ற முதல் பாடத்தை இங்கே இறங்கியதும் மறந்துவிட வேண்டும்.

மறக்க வேண்டிய இன்னொன்றும் உண்டு. மீனும் நீர்ச்செடியும் சேர்ந்து வளரும் செடித் தொட்டி வைப்பது பற்றிய காணொளிகள் பலவும் குளிர் நாட்டுக்காரர்கள் எடுத்தவை. ஹீட்டர் வாங்கு, 25 டிகிரியில் வை என்று தொடங்குவார்கள். நம் வீட்டில் விசிறி மட்டும் ஓடும் அறையில் தொட்டித் தண்ணீர் சாதாரணமாகவே 28, 29 டிகிரி இருக்கும். வெயில் காலத்தில் 30ஐத் தாண்டும். ஹீட்டருக்குக் காசு செலவழிக்காதீர்கள். எந்தச் செடி, எந்த மீன், எத்தனை என்ற எல்லாக் கேள்விக்கும் இந்தச் சூட்டை வைத்துத்தான் பதில் சொல்ல வேண்டும்.

முதலில் இடம்

வாடகை வீடு அல்லது வாடகை அறை என்றால் வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். தண்ணீர் கசிந்து தரை உப்பிய பிறகு கேட்பதைவிட இது சுலபம்.

இடம் பார்க்கும்போது சாயங்கால வெயிலைக் கவனியுங்கள். மேற்குப் பார்த்த சன்னல் பக்கம் வைத்தால் இரண்டு கேடு: தண்ணீர் சூடாகும், பாசி பிடிக்கும். பக்கத்தில் மின் இணைப்பு வேண்டும். வயர் தொட்டியிலிருந்து நேராக பிளக்குக்குப் போகக் கூடாது. பிளக்குக்குக் கீழே ஒரு தொங்கல் வளைவாக இறங்கி, பிறகு மேலே ஏற வேண்டும். வயர் வழியே வழியும் தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். ஊரிலிருந்து கொண்டுவந்த உருண்டை முள் பிளக்கை மாற்றுக் கட்டை போட்டுச் செருகும் வேலை தண்ணீர் பக்கத்தில் வேண்டவே வேண்டாம். இங்கே விற்கும் மூன்று சதுர முள் பிளக் உள்ள சாமான்களையே வாங்குங்கள்.

புதியவர்கள் சின்னத் தொட்டியே சுலபம் என்று நினைத்து உள்ளங்கை அளவுக் கண்ணாடிப் பெட்டியில் தொடங்குகிறார்கள். நிலைமை தலைகீழ். தண்ணீர் குறைவாக இருந்தால் ஒரு துளி தப்பும் பெரிதாகிவிடும். இரண்டடித் தொட்டி என்று கடைகளில் சொல்வது 60 செ.மீ. நீளம், 30 அகலம், 36 உயரம். கணக்குப்படி 65 லிட்டர் அளவு. முதல் தொட்டிக்கு இதுதான் என் சிபாரிசு. மண், கல், கண்ணாடி, தாங்கும் மேசை எல்லாம் சேர்ந்தால் எடை 100 கிலோவை நெருங்கும். ஆகவே புத்தக அலமாரி, படிப்பு மேசை இவற்றின்மேல் வைக்காதீர்கள். அதற்கென்று செய்த மேசை வேண்டும். அது ஆடக் கூடாது, மட்டம் சரியாக இருக்க வேண்டும்.

பழைய தொட்டி கேரோசல் என்ற இணையச் சந்தையில் மலிவாகக் கிடைக்கும். வேலை மாறி ஊருக்குக் கிளம்புகிறவர்கள் முழு செட்டாகவே தள்ளிவிடுவார்கள். வாங்கலாம். ஆனால் குளியலறையில் வைத்து விளிம்புவரை தண்ணீர் நிரப்பி, ஒரு நாள் முழுக்கக் கசிகிறதா என்று பார்த்த பிறகே கூடத்துக்குக் கொண்டுவாருங்கள்.

வாங்க வேண்டியவை

கிளமெண்டி அவென்யூ 2ல் 328ஆம் புளோக்கில் உள்ள கடைக்குச் செடிக்காகவே ஆட்கள் எங்கிருந்தெல்லாமோ வருவார்கள். வார இறுதியில் நிற்க இடம் இருக்காது. வேலை நாளில் போவது நல்லது. சிராங்கூன் நார்த் பக்கமும் மீன் கடைகள் உண்டு. பிள்ளைகளோடு ஒரு நாள் சுற்றிப் பார்க்கிற மாதிரி என்றால் சுங்கை தெங்கா பக்கம் ஜாலான் லேக்காரில் இருக்கும் சியான் ஹூ மீன் பண்ணை. முதல் தடவை போகும்போது மீன் வாங்காமல் திரும்புவேன் என்று உறுதி எடுத்துக்கொண்டு போங்கள். இது விளையாட்டாகச் சொல்வது அல்ல.

ஃபில்டர் வேண்டும். தொட்டியின் பின் விளிம்பில் தொங்கவிடும் வகை இந்த அளவுக்குப் போதும். ஒரு மணி நேரத்தில் தொட்டித் தண்ணீரை நான்கைந்து முறை சுற்றிவிடும் சக்தி இருந்தால் சரி. உள்ளே ஸ்பாஞ்சும் பீங்கான் வளையங்களும் இருக்கட்டும், கரித்துண்டு கட்டாயமில்லை. விளக்கு, செடி வளர்ப்புக்கென்று விற்கும் எல்இடி. கூடவே ஒரு டைமர். சில வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலருக்கு) கிடைக்கும், இதைவிட நல்ல செலவு இந்தப் பொழுதுபோக்கில் கிடையாது. பிறகு அம்மோனியா, நைட்ரைட் இரண்டையும் பார்க்கும் சொட்டுச் சோதனைப் பெட்டி, நீளமான சாமணம், தண்ணீர் உறிஞ்சும் குழாய், இதற்கென்றே ஒதுக்கிய வாளி. சோப்பு பட்ட வாளி ஆகாது.

குளோரின் நீக்கும் மருந்தை இங்குள்ள கடைகளில் ஆன்டி-குளோரின் என்று கேட்டால் கொடுப்பார்கள். சீட்டைப் படித்துப் பார்த்து வாங்குங்கள். குளோரினை மட்டும் முறிக்கும் மலிவான மருந்து, குளோரமினில் உள்ள அம்மோனியாவைத் தண்ணீரிலேயே விட்டுவிடும். குளோரமினையும் அம்மோனியாவையும் சேர்த்துச் சமாளிக்கும் என்று எழுதியிருப்பதே நமக்கு வேண்டியது.

மண்ணும் கட்டையும் கல்லும்

செடிக்கென்று சுட்டு உருண்டையாக்கிய மண் பைகளில் வரும். அக்வா சாயில் என்பார்கள். 60க்கு 30 தரையில் 5 செ.மீ. உயரம் பரப்ப 9 லிட்டர் பை ஒன்று கச்சிதமாகச் சரிப்படும். இதைக் கழுவக் கூடாது. கழுவினால் உருண்டைகள் கரைந்து சேறாகும். முன்பக்கம் 3 செ.மீ., பின்பக்கம் 6, 7 செ.மீ. என்று சரிவாகப் பரப்பினால் தொட்டிக்கு ஆழம் கூடியதுபோல் தெரியும். புது மண் முதல் சில வாரம் அம்மோனியா விடும் என்பதை நினைவில் வையுங்கள். அது கெடுதல் அல்ல, பின்னால் நமக்கு உதவும்.

கட்டையை முன்கூட்டியே ஒரு வாரம் தண்ணீரில் ஊறவைத்தால் மிதக்காது, தேநீர் நிறம் இறங்குவதும் குறையும். கல்லின்மேல் இரண்டு சொட்டு வினிகர் விட்டுப் பாருங்கள். நுரைத்தால் அது சுண்ணாம்புக் கல். தண்ணீரைக் கடினமாக்கும், வேண்டாம்.

கட்டையையும் கல்லையும் நடுமத்தியில் வைக்காமல் ஒரு பக்கம் ஒதுக்கி, மறுபக்கம் காலியாக விடுங்கள். செடித் தொட்டியைத் தோட்டக்கலைபோல் வளர்த்தெடுத்த ஜப்பானியர் தகாஷி அமானோ அமைத்த தொட்டிகளின் படங்களைப் பத்து நிமிடம் பார்த்தாலே, வெற்றிடம் எவ்வளவு வேலை செய்கிறது என்று புரியும்.

எந்தச் செடி

சூட்டைத் தாங்க வேண்டும், கார்பன்-டை-ஆக்சைடு சிலிண்டர் இல்லாமல் வளர வேண்டும். இந்த இரண்டு நிபந்தனையிலேயே கடையில் கண்ணைப் பறிக்கும் சிவப்புச் செடிகளில் முக்கால்வாசி கழிந்துவிடும். வருத்தப்படாதீர்கள், மிச்சம் இருப்பவை போதும்.

அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன் இரண்டும் கட்டைக்கு. இவற்றின் கிடைத்தண்டை மண்ணில் புதைத்தால் அழுகிவிடும். ஜெல் வகை சூப்பர் குளூ ஒரு சொட்டு வைத்துக் கட்டையில் ஒட்டுங்கள், அல்லது கறுப்பு நூலால் கட்டுங்கள். பின்வரிசைக்கு வாலிஸ்நேரியா, ரோட்டாலா. கூடவே பக்கோப்பா. அந்த இனத்தில் மொன்னியேரி என்று பெயர் எழுதியிருக்கும் செடி வேறு யாருமில்லை, நம் நீர்ப்பிரமிதான். என் அம்மா வந்திருந்தபோது தொட்டிக்குள் அதைப் பார்த்துவிட்டு, "ஞாபக சக்திக்கு மீனுக்கா குடுக்கறே?" என்று கேட்டார்.

நடுவில் நட என் ஓட்டு கிரிப்டோகொரைனுக்குத்தான். மெதுவாக வளரும், வெளிச்சம் குறைந்தாலும் கோபிக்காது. அந்தக் குடும்பத்தில் ஒன்றைத்தான் சித்த மருத்துவத்தில் நாட்டு அதிவிடயம் என்கிறார்கள். சிங்கப்பூருக்கே உரிய ஒன்றும் உண்டு: புக்கிட் தீமா காட்டில் வளரும் இயற்கைக் கலப்பினம், அதன் பெயரே திமாஹென்சிஸ். அது காட்டில் பார்க்க மட்டுமே. காப்புக்காட்டிலிருந்து ஓர் இலை பறித்தாலும் குற்றம்.

இந்தச் செடியிடம் புதியவர்கள் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. நட்ட ஒரு வாரத்தில் இலையெல்லாம் கண்ணாடிபோல் ஆகி, கூழாகக் கரைந்து விழும். நான் முதல் தடவை அழுகல் நோய் என்று முடிவு கட்டி, பதினைந்து வெள்ளிக்கு வாங்கியதை வேரோடு பிடுங்கிக் குப்பையில் போட்டேன். நோயல்ல. பண்ணைகளில் பெரும்பாலும் இவற்றைத் தண்ணீருக்கு வெளியே, ஈரக் காற்றில் வளர்க்கிறார்கள். அந்த இலை நீருக்கடியில் வாழப் பழகியதில்லை. அதைக் கைவிட்டுவிட்டு வேரிலிருந்து புது இலை விடும். கரைந்த இலையை மட்டும் நறுக்கி எடுத்துவிட்டு மூன்று நான்கு வாரம் காத்திருங்கள். மற்றச் செடிகளும் ஓரளவுக்கு இப்படித்தான்.

பிளாஸ்டிக் கிண்ணத்தில் மூடி வரும் திசு வளர்ப்புச் செடி விலை கூடுதல், ஆனால் நத்தை முட்டையும் பூச்சிமருந்தும் இருக்காது. இறால் வளர்க்கும் எண்ணம் இருந்தால் அதையே வாங்குங்கள்.

நடும் நாள்

அரை நாள் ஒதுக்குங்கள். தொட்டியில் தண்ணீர் நிரப்பிவிட்டு நடாதீர்கள். மண் நனைந்து சொதசொதவென்று இருந்தால் போதும். சட்டியில் வரும் செடியின் வேரைச் சுற்றியிருக்கும் பஞ்சு போன்ற நாரைப் பொறுமையாகப் பிரித்து எடுங்கள். வேரை இரண்டு விரற்கடை நீளம் விட்டு நறுக்குங்கள். நீண்ட வேர் புதையாது, மிதந்து வரும். ஒரு சட்டிச் செடியைப் பல சிறு கொத்துகளாகப் பிரித்து, சாமணத்தால் வேர் நுனியைப் பிடித்து, சாய்வாக மண்ணுக்குள் செலுத்திவிட்டு மெல்ல அசைத்து எடுங்கள். நெல் நாற்று நட்ட கை இருந்தால் இரண்டாவது கொத்திலேயே பிடிபட்டுவிடும். நடுவில் நடுவில் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருங்கள். விசிறியை நிறுத்திவிடுங்கள், பத்து நிமிடத்தில் மெல்லிய இலை காய்ந்துவிடும்.

செடியில் கஞ்சத்தனம் கூடாது. தரையில் பாதிக்குமேல் முதல் நாளே பச்சை தெரிய வேண்டும். "நாலு செடி வைப்போம், பரவட்டும்" என்று விட்டால், பரவுவது பாசிதான். மண் விடும் சத்தைச் செடி தின்னாவிட்டால் பாசி தின்னும்.

நட்டு முடிந்ததும் மண்ணின்மேல் ஒரு தட்டு வைத்து, அதன்மேல் தண்ணீர் மெதுவாக விழும்படி நிரப்புங்கள். ஆன்டி-குளோரின் கலந்த தண்ணீர் என்று மறுபடியும் சொல்கிறேன். ஃபில்டரைப் போடுங்கள்; இனி அது இரவும் பகலும் நிற்காது. விளக்கு முதல் மாதம் 6 மணி நேரம் போதும். வேலைக்குப் போகிறவர்கள் டைமரைச் சாயங்காலம் 5 முதல் இரவு 11 வரை வைத்துக்கொண்டால் வீட்டுக்கு வந்து உட்காரும்போது பார்க்க ஏதாவது இருக்கும்.

மீன் இல்லாத நான்கு வாரம்

இந்தக் கட்டத்தில்தான் எல்லோரும் அவசரப்படுகிறோம். தண்ணீர் தெளிந்துவிட்டது, செடி நிற்கிறது, பிள்ளை தினமும் "மீன் எங்கே?" என்று கேட்கிறாள். ஆனாலும் பொறுங்கள்.

மீன் கழிவிலிருந்தும் மிச்ச உணவிலிருந்தும் அம்மோனியா வரும். ஒரு வகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாக மாற்றும், அதுவும் விஷம். இன்னொரு வகை அதை நைட்ரேட்டாக மாற்றும்; அது செடிக்கு உரம். இந்த பாக்டீரியாக்கள் ஃபில்டருக்குள் குடியேறிப் பெருக மூன்று முதல் ஆறு வாரம் ஆகும். நம் சூட்டில் கொஞ்சம் சீக்கிரமே நடக்கும். அதுவரை அவற்றுக்குச் சாப்பாடு புது மண் விடும் அம்மோனியாதான். சூடு இங்கே ஒரு கையால் கொடுத்து இன்னொரு கையால் பறிக்கிறது: காரத்தன்மை ஒரே அளவில் இருந்தாலும் 20 டிகிரியில் இருப்பதைவிட 30 டிகிரியில் அம்மோனியாவின் நச்சு வடிவம் ஏறக்குறைய இரட்டிப்பு. குளிர் நாட்டில் தப்பிப் பிழைக்கும் மீன் இங்கே பிழைக்காது.

முதல் வாரம் ஒருநாள் விட்டு ஒருநாள் பாதித் தண்ணீரை மாற்றுங்கள். இரண்டாம் வாரம் இருமுறை. பிறகு வாரம் ஒருமுறை மூன்றில் ஒரு பங்கு. இரண்டாம் மூன்றாம் வாரம் கண்ணாடியிலும் இலையிலும் பழுப்பாகத் தூள் படியும். கையால் துடைத்தால் போய்விடும், தானாகவும் நின்றுவிடும். வாராவாரம் சோதனைச் சொட்டு விட்டுப் பாருங்கள். அம்மோனியா, நைட்ரைட் இரண்டு குழாயும் பெட்டியோடு வரும் நிற அட்டையில் பூஜ்யத்துக்கு உரிய நிறத்திலேயே தொடர்ந்து சில நாள் நின்றால் தொட்டி தயார்.

இந்த இடைவெளியில் கொசுவை மறந்துவிடாதீர்கள். மீன் இல்லாத தண்ணீர் ஏடிஸ் கொசுவுக்குச் சொந்த வீடு. முட்டை கொசுவாக ஒரு வாரம் போதும். டெங்கிப் பரிசோதனைக்குத் தேசியச் சுற்றுப்புற வாரியத்து அதிகாரிகள் கதவைத் தட்டினால் தொட்டியையும் எட்டிப் பார்ப்பார்கள். ஃபில்டர் தண்ணீர் மேற்பரப்பைக் கலக்கிக்கொண்டே இருக்கும்படி வையுங்கள், வலை மூடி போடுங்கள். வாளியில் தண்ணீர் தேக்கி வைக்காதீர்கள். வேலை முடிந்ததும் கவிழ்த்து வையுங்கள்.

இப்போது மீன்

ஹார்லிகுவின் ரஸ்போரா வாங்குங்கள். செம்பு நிற உடம்பில் கறுப்பு முக்கோணம், கூட்டமாக நீந்தும். மலாய்த் தீபகற்பமும் சிங்கப்பூரும் சுமத்ராவும் அதன் பூர்வீகம், ஆகவே நம் தட்பவெப்பம் அதற்குப் புதிதல்ல. சிவப்பு மீன் வேண்டும் என்றால் இலங்கை ஓடைகளிலிருந்து வந்த செர்ரி பார்ப். டெட்ரா என்ற சின்ன மீன் வகையில் நியானைவிடக் கார்டினல் சூட்டை நன்றாகத் தாங்கும். கப்பியை இங்கே லோங்காங் மீன் என்று கேலியாகச் சொல்வார்கள், சாக்கடையில்கூட வாழ்வதால். அதையே கொன்றவன் நான் என்பதால் அதிகம் பேசவில்லை.

ஒயிட் கிளவுட் மீனும் கிறிஸ்டல் இறாலும் அழகுதான். இரண்டுக்கும் குளிர் வேண்டும். தண்ணீர் குளிர்விக்கும் சில்லர் இல்லாமல் வாங்குவது பாவம். சாதாரணச் செர்ரி இறால் சமாளித்துக்கொள்ளும்.

ஐந்தாறு மீனோடு தொடங்கி, இரண்டு வாரம் கழித்து இன்னும் நான்கு. பத்துக்குமேல் வேண்டாம். சூடான தண்ணீரில் ஆக்சிஜன் குறைவாகத்தான் கரையும், விடியற்காலையில் அது இன்னும் குறைந்திருக்கும். பையை 15, 20 நிமிடம் தொட்டியில் மிதக்கவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாகத் தொட்டித் தண்ணீரைப் பைக்குள் சேர்த்து, பிறகு வலையால் மீனை மட்டும் எடுத்து விடுங்கள். கடைத் தண்ணீர் உள்ளே போகக் கூடாது. மீன் தண்ணீரின் மேல் வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால், ஒரு சின்ன விசிறியைத் தண்ணீர்ப் பரப்பை நோக்கித் திருப்புங்கள். 2, 3 டிகிரி இறங்கும். பதிலுக்குத் தண்ணீர் வேகமாக ஆவியாகும், நிரப்பிக்கொண்டே இருக்க வேண்டும்.

உணவு ஒரு நாளைக்கு ஒரு சிட்டிகை, இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவு. வாரத்தில் ஒரு நாள் விரதம். ஃபில்டர் ஸ்பாஞ்சை மாதம் ஒருமுறை, தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே அலசுங்கள். குழாயில் காட்டினால் குளோரமின் அத்தனை நாள் வளர்ந்த பாக்டீரியாவையும் கொன்றுவிடும், மறுபடியும் முதலிலிருந்து.

பிடிக்கவில்லை, ஊர் மாறுகிறீர்கள், மீன் பெருகிவிட்டது என்றால் யாருக்காவது கொடுங்கள். நீர்த்தேக்கத்திலோ கால்வாயிலோ விடுவது இங்கே சட்டப்படி குற்றம். தென்னமெரிக்கப் பீக்காக் பாஸ் இன்று நம் நீர்த்தேக்கங்களில் பெருகிக் கிடப்பதும் யாரோ கொண்டுவந்து விட்டதால்தான். வெட்டிய செடித் துண்டுகளையும் பையில் கட்டிக் குப்பையில் போடுங்கள்.

டிசம்பரில் ஊருக்குப் போகிறீர்களா? ஒரு வாரம் என்றால் வளர்ந்த மீன் பட்டினியாகவே இருந்துவிடும், யாரும் வர வேண்டாம். மூன்று வாரம் என்றால் பக்கத்து வீட்டுக்காரரிடம் சாவி கொடுப்பீர்கள். அவரிடம் உணவு டப்பாவை மட்டும் கொடுக்காதீர்கள். அன்பு மிகுதியில் கால் டப்பாவைக் கொட்டிவிடுவார். விபூதி மடிக்கிற மாதிரி சின்னச் சின்னக் காகிதப் பொட்டலமாக மடித்து, ஒவ்வொன்றிலும் தேதி எழுதி, மூன்று நாளுக்கு ஒன்று என்று சொல்லிவிட்டு, டப்பாவை அலமாரியில் பூட்டிவிட்டுக் கிளம்புங்கள்.